மறு: ‘ஓ ஆன்டிஃபன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

கிறிஸ்தவ வழிபாட்டில் பாடும் ‘ஆன்டிஃபன்’ என்ற சிறு பாடல்வரிக்கும், அதில் ‘ஓ’ என்று தொடங்கும் ஏழு வரிகளுக்கும் தமிழ்ப்பெயர் தேடும் இந்த இழையில் வந்த ‘எதிர்ப்பண்’ எனக்கு ஒட்டவில்லை. கிரேக்கச் சொல்லில் உள்ள ‘ஆன்டி’யைப் பிடித்து ‘எதிர்’ ஆக்கியதால் வந்த வினை இது. கேட்பவருக்கு யாரோ யாரையோ எதிர்த்துப் பாடுவதுபோலப் படும். அங்கே பொருள் எதிரொலிப்பது, இரண்டு அணிகள் மாறி மாறிப் பாடுவது. பிற்காலத்தில் அது விவிலியத்தின் சங்கீதத்துக்கு (திருப்பாடலுக்கு) முன்னும் பின்னும் பாடும் சிறு வரியாகச் சுருங்கிவிட்டது.

தமிழ்த் திருப்பலியின் (கத்தோலிக்கப் பூசையின்) தொடக்கத்தில் வரும் ஆன்டிஃபனை ‘வருகைப் பல்லவி’ என்று ஏற்கெனவே சொல்கிறோம். பல்லவி என்றால் ஒவ்வொரு சரணத்துக்கும் பிறகு திரும்பி வரவேண்டுமே என்று இழையில் ஓர் ஐயா கேட்டது நியாயம்தான். ஆனாலும் கோயிலில் புழங்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தேடுவானேன்?

சரி, முன்னால் நிற்கும் ‘ஓ’வுக்கு வருவோம். சிக்கலே அதில்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய தயாரிப்பு வாரங்களான திருவருகைக் காலத்தின் கடைசி நாட்களில், டிசம்பர் 17 முதல் 23 வரை, மாலைச் செபத்தில் மரியாவின் பாடலோடு (இயேசுவின் தாய் இறைவனைப் போற்றும் பாடல்) நாளுக்கு ஒன்றாக ஏழு பல்லவிகள் பாடுகிறார்கள். ஒவ்வொன்றும் மீட்பரை ஒரு பெயரால் அழைத்து, ‘வாரும்’ என்று கேட்கிறது. லத்தீனில் ‘ஓ சபியென்சியா’ (ஓ ஞானம்) என்பது வியப்பொலி மட்டுமன்று; கூப்பிடுவது. நமக்கோ அதற்கென்று எட்டாம் வேற்றுமையே, அதாவது விளி வேற்றுமையே, இருக்கிறது. ‘ஞானமே’ என்றால் போதும், ‘ஓ’ அந்த ஏகாரத்துக்குள் அடங்கிவிடும். இதே நாட்களில் பிறக்கும் மார்கழியின் ‘எம்பாவாய்’கூட விளிதானே!

ஆகவே என் பரிந்துரை: விளிப் பல்லவி. ஏழையும் சேர்த்துச் சொல்ல ‘எழுவிளி’ என்று வைக்கலாம். கொஞ்சம் மிடுக்காக இருக்கிறது, பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

லத்தீனின் முதலெழுத்து விளையாட்டு தமிழில் தங்காது என்று தங்கை ஒருவர் வருந்தியிருந்தார். உண்மை. இம்மானுவேல், ரெக்ஸ், ஓரியென்ஸ், கிளாவிஸ், ராடிக்ஸ், அதோனாய், சபியென்சியா என்று கடைசியிலிருந்து முன்னோக்கி லத்தீன் முதலெழுத்துகளைக் கோர்த்தால் ‘ஏரோ கிராஸ்’, ‘நாளை இருப்பேன்’ என்று வரும். திட்டமிட்டுச் செய்ததோ தற்செயலோ, அழகு. ஆனால் இடைக்கால இங்கிலாந்தில் மரியாவை விளிக்கும் எட்டாவது ஒன்றையும் சேர்த்து 16ஆம் தேதியே தொடங்கினார்கள். அங்கேயே அந்தக் கோவை மாறிவிட்டது. நாம் அதற்காகச் சொற்களை நெளிக்க வேண்டாம்.

ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, மக்களினங்களின் அரசரே: இவற்றில் எனக்கு மறுப்பில்லை. ‘அதோனாய்’க்கு ‘ஆண்டவரே’ போதும். ‘ஓரியென்ஸ்’ (உதிப்பது, கிழக்கு) மட்டும் இடிக்கிறது. இழையில் தந்த மொழிபெயர்ப்புப் பட்டியலில் ‘கீழ்த்திசையே’ என்று போட்டிருக்கிறீர்கள். திசையைப் போய் யாராவது ‘வா’ என்று கூப்பிடுவார்களா? அது 21ஆம் தேதிக்கு உரியது. ஐரோப்பாவில் ஆண்டின் மிக நீண்ட இரவை ஒட்டிய மாலை. அந்த இருட்டில் நின்று கூப்பிடுவதென்றால் ‘எழுஞாயிறே’ என்றுதான் கூப்பிடத் தோன்றுகிறது. பாடிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.