புதுப்பிப்பு: கர்ப்பகாலச் சர்க்கரைக்கான செயலி, எங்களுக்கு எது கைகொடுத்தது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: என் தங்கைக்கு 26ஆவது வாரத்தில் கர்ப்பகாலச் சர்க்கரை என்று தெரிந்தது, செயலியின் உணவுப் பட்டியலில் எங்கள் வீட்டுச் சாப்பாடு ஒன்றுகூட இல்லை, என்ன செய்வது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, "பட்டியலில் தேடாதீர்கள், உங்கள் சாப்பாட்டை நீங்களே பதிந்து வையுங்கள்" என்ற யோசனைதான். ஊட்டச்சத்து நிபுணரோடு உட்கார்ந்து, அவள் வழக்கமாகச் சாப்பிடும் 12 வகைகளை, வீட்டில் பரிமாறும் அதே கரண்டியால் அளந்து, மாவுச்சத்துக் கணக்கோடு ஏற்றினோம். அப்புறம் ஒவ்வொரு வேளையும் தட்டைப் படமெடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து வந்த சர்க்கரை அளவைப் பக்கத்திலேயே குறித்தாள். எந்த வேளையில் ஏறுகிறது என்று ஒரே வாரத்தில் அவளுக்கே புரிந்துவிட்டது. மொழியை மாற்றும் யோசனை பலிக்கவில்லை. பொத்தான்கள் தமிழுக்கு வந்தன, எச்சரிக்கைகள் வரவில்லை.

எதிர்பாராதது ஒன்று, இதைக் கட்டாயம் பாருங்கள்: செயலியில் இருந்த இலக்கு சாதாரண நீரிழிவுக்கானது. வெறும் வயிற்றில் 112 வந்தபோதும் பச்சையே காட்டியது! கர்ப்பத்தில் வழக்கமான இலக்கு வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் 140க்குக் கீழ், இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழ் (எல்லாம் மி.கி./டெ.லி.). மருத்துவரிடம் கேட்டு மாற்றினோம். அவர் இரவில் கொஞ்சம் இன்சுலின் சேர்த்தார், இப்போது காலையில் 90ஐ ஒட்டி நிற்கிறது.

பிரசவத்துக்குப் பின் 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி சர்க்கரைப் பரிசோதனை உண்டு. அந்த நினைவூட்டல் செயலியில் இல்லை, நாங்களே வைத்துக்கொண்டோம்.