கரேகின் நிஷ்தே: யெரெவானில் அவருக்குச் சிலை தகுமா?

கல்வெட்டு:
2016இல் ஆர்மீனியத் தலைநகர் யெரெவானின் நடுவே, ஆர்மீனியத் தளபதி கரேகின் நிஷ்தேவுக்குச் சிலை திறந்தார்கள். ரஷ்ய வெளியுறவுத் துறை ஆட்சேபித்தது. ரஷ்யா சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவன் அல்ல நான். ஆனால் இந்த ஆட்சேபம் நியாயமானது. 1942இல் பெர்லினில் நாஜிகளின் ஆதரவோடு அமைந்த ஆர்மீனிய தேசியக் குழுவில் உறுப்பினராக இருந்தவர் இவர். 1915இல் ஒட்டோமான் துருக்கியர் நடத்திய இன அழிப்பில் தப்பிய மக்கள் இவரைக் கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அரஸ்கரை:
சிலை எதற்காக என்பதையே விட்டுவிட்டீர்கள். 1920 டிசம்பரில் யெரெவான் சோவியத் கைக்குப் போனது. தெற்கே சியூனிக் மலைகளில் நிஷ்தே மட்டும் பணியவில்லை. அந்த நிலத்துக்கு அஜர்பைஜான் உரிமை கோரிவந்தது. 1921 ஏப்ரலில் மலைநாட்டு ஆர்மீனியா என்று தனிக் குடியரசையே அறிவித்தார்கள். சியூனிக் சோவியத் ஆர்மீனியாவில்தான் இருக்கும் என்று உறுதியான பிறகே, ஜூலையில் அரஸ் ஆற்றைக் கடந்து பாரசீகம் போனார். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஈரானுடன் ஆர்மீனியாவுக்கு உள்ள எல்லை முழுவதும் சியூனிக்கில்தான். அது கைவிட்டுப் போயிருந்தால், இன்று அந்த நாட்டுக்கு ஜார்ஜியா ஒன்றுதான் வாசல்.

கல்வெட்டு:
அதே சியூனிக்கில் முஸ்லிம் கிராமங்கள் காலியாக்கப்பட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிலத்தைக் காத்தார் என்பதை நான் மறுக்கவில்லை. அது 1942க்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது.

பனிமலர்:
இருவரையும் கேட்கிறேன். அவர் ஏன் ஜெர்மனியர் பக்கம் போனார்?

அரஸ்கரை:
துருக்கியை நினைத்துத்தான். 1942 கோடையில் ஜெர்மன் படை காக்கசஸ் வரை வந்துவிட்டது. துருக்கியும் போரில் குதித்தால் 1915 திரும்ப வரும் என்று அஞ்சினார். ஜெர்மனி வென்றால், ஆர்மீனியருக்காகப் பேச அங்கே ஆள் வேண்டும் என்பது அவர் கணக்கு. ஜெர்மனியர் அமைத்த ஆர்மீனியப் படையணியில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் யார்? ஜெர்மன் முகாம்களில் பட்டினியால் செத்துக்கொண்டிருந்த சோவியத் செம்படைக் கைதிகள்.

கல்வெட்டு:
பட்டினிக்குப் பயந்து சீருடை போட்ட கைதியை நான் குறை சொல்ல மாட்டேன். சுதந்திரமாக இருந்துகொண்டே போய்ச் சேர்ந்த தளபதியைச் சொல்வேன். ஹோவ்ஹான்னெஸ் பக்ராமியானும் ஆர்மீனியர்தான். 1918இல் சர்தாராபாத்தில் துருக்கியரை எதிர்த்துப் போரிட்டவர்தான். துருக்கி பற்றிய பயம் அவருக்கும் தெரியாததா? அவர் செம்படையில் நின்று, 1943 முதல் பால்டிக் போர்முனை ஒன்றையே நடத்தி நாஜிகளை விரட்டினார். இன்று யெரெவானில் இருவர் பெயரிலும் மெட்ரோ நிலையம் இருக்கிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அரஸ்கரை:
பக்ராமியானுக்குப் பின்னால் ஒரு பேரரசு இருந்தது. நிஷ்தேவுக்கு நாடே இல்லை. 1944இல் அவர் இருந்த பல்கேரியத் தலைநகர் சோஃபியாவுக்குள் சோவியத் படை வந்தபோது அவர் ஓடவும் இல்லை. பிடிபட்டு, 1955இல் ரஷ்யாவின் விளாதிமிர் சிறையில் இறந்தார். 1983இல் அவர் எலும்புகளை ரகசியமாக ஆர்மீனியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அரசு சொல்லியா செய்தார்கள்? அன்பால் செய்தார்கள்.

கல்வெட்டு:
அன்பை மதிக்கிறேன். அதற்கு உரியவர் அராம் மனுகியான் என்கிறேன். 1915இல் துருக்கியரிடமிருந்து வான் என்ற நகரைக் காத்தார். 1918 மே மாதம், யெரெவானைக் கைவிடாமல் மக்களைத் திரட்டி சர்தாராபாத்துக்கு அனுப்பினார். அகதிகள் குவிந்த அந்த நகரிலேயே 1919 ஜனவரியில் டைபஸ் காய்ச்சலில் இறந்தார். முதல் ஆர்மீனியக் குடியரசை நிறுவிய அந்த மனிதருக்கு யெரெவானில் சிலை வைத்தது 2018இல், நிஷ்தேவுக்கு வைத்து இரண்டு ஆண்டு கழித்து.