மறு: ‘ஓபுஸ் செக்டிலே’ – அறுகல்? கல்லிழைப்பு? குயிற்று?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தொல்லியல் வகுப்புக்கான பாடக்குறிப்பை வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். அதில் வரும் ‘ஓபுஸ் செக்டிலே’ என்ற ரோமானியக் கல்தரை வேலைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டிருந்தேன். இதுவரை வந்த மடல்களுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> மொசைக் என்றே எழுதலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். மொசைக்கில் சின்னச் சின்னக் கட்டிகளை நெருக்கி அடுக்கி உருவத்தைக் கொண்டுவருவார்கள். ஓபுஸ் செக்டிலேயில் ஒவ்வொரு கல்லையும் இதழாக, வட்டமாக, முக்கோணமாக முதலிலேயே அறுத்து, ஒன்றோடொன்று இடைவெளி தெரியாமல் பொருத்துகிறார்கள். ரோம் நகரின் பாலத்தீன் குன்றில் பேரரசர் நீரோ கட்டிய முதல் அரண்மனை கி.பி. 64 தீயில் அழிந்தது. அதன் தரையில் எகிப்தின் கருஞ்சிவப்புப் போர்ஃபிரிக் கல், ஸ்பார்ட்டா பக்கத்துப் பச்சைக் கல், துனீசியாவின் மஞ்சள் சலவைக்கல் எல்லாம் இப்படித்தான் சேர்ந்திருந்தன. ஒரு துண்டைக் காட்சிப் பேழையில் வைக்கும்போது அது எந்த மலையின் கல், எப்படி அறுத்தார்கள் என்ற இரண்டையும் சொல்லியாக வேண்டும்.

> லத்தீனில் ‘செகாரே’ என்றால் அறுத்தல். எனவே ‘அறுகல்’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை.

எனக்கும் இதன் மேல்தான் ஆசை. கல்லை அறுப்பது உண்மையில் மணல்தான், இரும்பு அறுப்பதுபோலத் தோன்றுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அதற்கு எத்தியோப்பிய மணலே சிறந்தது என்றும் சொல்கிறார். அந்த உழைப்பு சொல்லில் தெரிய வேண்டும். ஆனால் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். அறுசுவை, அறுபடைவீடு என்று பழகிய பிள்ளைகள் ‘ஆறு கல்’ என்றே படித்தார்கள். ‘வெட்டுக்கல்’லும் ஆகாது. குமரிப் பக்கத்துக் கொத்தனாருக்கு அது வீடு கட்டும் செம்புரைக்கல்.

> ‘கல்பதிப்பு’?

பதிப்பு என்றதும் புத்தகம் நினைவுக்கு வருகிறது. தவிர, பதிப்பது என்றால் குழி தோண்டி உள்ளே வைப்பது. இங்கே குழி இல்லை, அடியில் சாந்துதான்.

> ‘கல்லிழைப்பு’ வேண்டாம். இழை என்பது நூல். இழைப்பது தச்சர் வேலை.

இழை நகையும்தானே அம்மா? சேயிழை, ஆயிழை, நேரிழை என்றெல்லாம் பெண்ணை அழைத்தது அணிந்த நகையை வைத்துத்தான். ‘ரத்தினம் இழைத்த’ என்று இன்றும் சொல்கிறோம். தச்சரின் இழைப்புளி மரத்தை வழவழப்பாக்குகிறது. இந்தத் தரையையும் கடைசியில் தேய்த்து வழவழப்பாக்கத்தான் செய்தார்கள். அந்தப் பொருளும் சேர்ந்து வருவது நல்லதுதான்.

> ‘பளிங்கு’ என்று எங்கும் எழுதாதீர்கள்.

எழுதவில்லை. ‘அடுத்தது காட்டும் பளிங்கு’ ஸ்படிகம். மணிமேகலை புகுந்த பளிக்கறையும் உள்ளே இருப்பவர் வெளியே தெரியும் அறை. சலவைக்கல் என்றே போட்டிருக்கிறேன். இதை வேறு தலைப்பில் பேசலாம்.

சரி, 7 பேர் கல்லிழைப்பு, 3 பேர் அறுகல், ஒருவர் குயிற்று (மணி பதிப்பதைக் குறிக்கும் பழஞ்சொல்). கல்லிழைப்பையே போடுகிறேன். முதன்முறை வரும் இடத்தில் ‘வடிவாக அறுத்த கற்களால் செய்யும் கல்லிழைப்பு’ என்று விரித்துவிடுவேன். அறுப்பு பெயருக்குள் வராத குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

அப்புறம் இன்னொரு சொல்லும் வேண்டும். நீரோவின் அடுத்த அரண்மனையான பொன்மாளிகையில் சலவைக்கற்களைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பின்வந்த பேரரசர் டிராஜன் அதன் மேலேயே குளியல் மாளிகை கட்டினார். இப்படிக் கல் போன இடங்களில் அடிச்சாந்தில் அதன் அச்சு தங்கியிருப்பதுண்டு. அதை அளந்துதான் பழைய கோலத்தை மீட்கிறார்கள். அந்த அச்சுக்கு ‘இழைத்தடம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள்.

*

குழுவில் ஒருவரின் பதில்:

> கல்லிழைப்பையே போடுகிறேன்.

போடுங்கள். ‘மணி குயிற்றிய’ என்று சொல்லிவந்த மொழியில் குயிற்றுக்கு ஒரே ஒரு கைதான் உயர்ந்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் வகுப்பில் ‘கற்குயிற்று’ என்றே சொல்லிக்கொடுப்பேன். இழைத்தடத்துக்கு மறுப்பில்லை.