ஷோடானில் உங்கள் முகவரியைத் தேடியபோது என்ன கண்டீர்கள்?

கோவை, சர்வர் நிர்வாகம்

எங்கள் நிறுவனத்தில் சர்வர்களைக் கவனிப்பவன் நான் ஒருவன்தான். வெகுநாளாகத் தள்ளிப்போட்டு வந்த ஒரு வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தேன். எங்களுக்கு ஒதுக்கப்பட்ட 16 இணைய முகவரிகளும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரிகின்றன என்று ஷோடானைக் கேட்டேன். 2009-இல் ஜான் மாதர்லி தொடங்கிய இந்தத் தேடுபொறி வலைப்பக்கங்களைத் தேடுவதில்லை. இணையத்தில் உள்ள முகவரிகளின் கதவுகளை ஓயாமல் தட்டி, எந்தப் போர்ட்டிலிருந்து (ஒவ்வொரு சேவைக்கும் உரிய எண்ணிட்ட வாசல்) என்ன பதில் வந்தது என்று எழுதி வைத்துக்கொள்கிறது. அந்தப் பதிலுக்குப் பேனர் என்று பெயர். நாம் தேடும்போது அது நம் சர்வரைப் போய்த் தொடுவதில்லை. முன்பே எழுதி வைத்த ஏட்டைப் புரட்டிக் காட்டுகிறது. இதை மறந்தால் பல தவறுகள் நேரும். நானும் முதலில் மறந்தேன்.

பைத்தான் நிரல்மொழியில் இது சிறிய வேலை. அதன் நிறுவல் கருவியான பிப் வழியாக ஷோடான் லைப்ரரியை நிறுவி, நிரலிலிருந்து ஷோடானைக் கேட்பதற்காகக் கணக்குப் பக்கத்தில் கிடைக்கும் ஏபிஐ சாவியைக் கொடுத்து, ‘சர்ச்’ என்ற செயற்கூறை அழைத்தால் போதும். ‘நெட்’ வடிகட்டியில் எங்கள் முகவரித் தொகுதியைக் கொடுத்தேன். விடையில் மொத்த எண்ணிக்கையும் பொருந்திய பதிவுகளின் பட்டியலும் வரும். ஒவ்வொரு பதிவிலும் முகவரி, போர்ட், பேனர், பதிவான நேரம் எல்லாம் இருக்கும். பத்து வரியில் எழுதி ஓட்டினேன்.

11 பதிவுகள் வந்தன. 80, 443 எல்லாம் வலைத்தளப் போர்ட்கள், நான் எதிர்பார்த்தவை. எட்டாவது வரியில் 6379 என்று இருந்தது: தரவை நினைவகத்தில் வைத்துத் தரும் ஒரு தரவுத்தளத்தின் போர்ட். ரெடிஸ்.

நம்ப முடியவில்லை. அந்த சர்வரில் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை என் கையால் அமைத்திருந்தேன். உள்ளே போய் நிலையைப் பார்த்தேன். 6379 திறந்திருப்பதாக அது சொல்லவே இல்லை. ஷோடான் பதிவின் நேரத்தைப் பார்த்தால் ஒன்பது நாளுக்கு முந்தையது. ‘பழைய பதிவு, இதற்குள் சரியாகியிருக்கும்’ என்று மனம் தனக்குத் தானே ஆறுதல் சொல்லிக்கொண்டது. ஆனால் நான் எதையும் சரிசெய்யவில்லையே, தானாக எப்படிச் சரியாகும்? கைபேசி இணைப்புக்கு மாறி, வெளியிலிருந்து என் சர்வரையே தொட்டுப் பார்த்தேன். கடவுச்சொல் எதுவும் கேட்காமல் ரெடிஸ் பதில் சொன்னது.

காரணம் டாக்கர், மென்பொருள்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி. எங்கள் ரெடிஸ் ஓடியது அப்படி ஒரு பெட்டியில்தான். கன்டெய்னரின் போர்ட்டை வெளியிடும்போது, முகவரி எதுவும் குறிப்பிடாமல் வெறும் போர்ட் எண்ணை மட்டும் எழுதினால், டாக்கர் அதை எல்லா முகவரிகளுக்கும் திறந்துவிடுகிறது. அதற்கான ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் போக்குவரத்து வடிகட்டி) விதிகளையும் அதுவே எழுதிக்கொள்கிறது. வரும் போக்குவரத்து யூஎஃப்டபிள்யூ காவல் காக்கும் இடத்துக்கு வருவதற்கு முன்பே கன்டெய்னர் பக்கம் திரும்பிவிடுகிறது. ஆகவே ஃபயர்வால் பொய் சொல்லவில்லை. அது நின்ற வாசல் வழியாக யாரும் வரவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று: ரெடிஸில் 3.2 பதிப்பிலிருந்து பாதுகாப்பு நிலை ஒன்று உண்டு. கடவுச்சொல் இல்லாமல் வெளியாள் நுழைவதை அது தடுக்கும். ஆனால் டாக்கருக்கான ரெடிஸ் படிமத்தில் (கன்டெய்னரை உருவாக்கும் ஆயத்தப் பொதி), மற்ற கன்டெய்னர்கள் எளிதாகப் பேச வேண்டும் என்பதற்காக, அந்த நிலை அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு தகவலும் ஆவணங்களில் இருக்கின்றன. நான் படித்ததில்லை.

திருத்தம் ஒரு வரிதான்: போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 சேர்ப்பது, அதாவது அந்த இயந்திரத்துக்குள் மட்டும் திறப்பது. ஆனால் அதோடு விட மனம் வரவில்லை. திறந்த ரெடிஸ் வழியாகச் சர்வரில் கோப்புகளை எழுதிவைத்துக் கைப்பற்றுவது பல காலமாக நடக்கும் தாக்குதல். அந்த சர்வரில் வாடிக்கையாளர் ஆர்டர்களின் நகல் இருந்தது. இரவோடு இரவாக அந்த இயந்திரத்தைப் புதிதாக நிறுவினேன். மறுநாள் காலை மேலாளரிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “இன்னும் எத்தனை சர்வரில் டாக்கர் இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார். நான்கு என்றேன். அடுத்த இரண்டு நாள் அந்த நான்கிலும்தான் கழிந்தன.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு உதவும்.

நெல்லை, இறுதியாண்டு மாணவி

அண்ணா, என் அனுபவம் சிறியது. ஒரு மாலை முழுவதும் போய்விட்டது என்பதால் எழுதுகிறேன். என் பைத்தான் கோப்புக்கு ஷோடான் என்றே பெயர் வைத்துவிட்டேன். ஓட்டினால், ‘இந்தத் தொகுதியில் ஷோடான் என்ற ஒன்று இல்லை’ என்று பிழை வருகிறது. லைப்ரரியை மூன்று முறை நீக்கி மீண்டும் நிறுவினேன். கடைசியில்தான் புரிந்தது: பைத்தான் லைப்ரரியைத் தேடும்போது முதலில் அதே கோப்புறையில் பார்க்கிறது, என் கோப்பையே லைப்ரரி என்று எடுத்துக்கொள்கிறது. பெயரை மாற்றியதும் ஓடியது.

இன்னொன்று, கிரெடிட், அதாவது ஷோடான் மாதந்தோறும் தரும் தேடல் அளவு. ‘சர்ச்_கர்சர்’ என்ற செயற்கூறு எல்லாப் பக்கங்களையும் தானாகவே புரட்டிக்கொண்டு போகும் என்று படித்து, பெரிய தேடல் ஒன்றை அதில் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் அந்த மாதத்துக் கிரெடிட் முழுவதும் தீர்ந்திருந்தது. வடிகட்டி இல்லாத தேடலின் முதல் பக்கத்துக்குக் கிரெடிட் போகாது. வடிகட்டி சேர்த்தாலோ, இரண்டாம் பக்கத்துக்குப் போனாலோ, 100 முடிவுக்கு ஒரு கிரெடிட் என்று கழிகிறது. இப்போது முதலில் ‘கவுண்ட்’ அழைத்து எத்தனை முடிவு இருக்கிறது என்று பார்க்கிறேன். அது பதிவுகளைத் தராது. எண்ணிக்கையையும், கேட்டால் நாடுவாரியாக, போர்ட்வாரியாகத் தொகுப்பையும் தரும். அதற்குக் கிரெடிட்டே கிடையாது. என் திட்டப்பணிக்கு வேண்டியதில் பாதிக்குமேல் அதிலேயே கிடைத்துவிட்டது.

சாவியைக் கோப்பிலேயே எழுதி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றியதும் நடந்தது. தோழி ஒருத்தி பார்த்துச் சொன்னாள். கோப்பை அழித்தாலும் பழைய பதிவுகளில் சாவி இருக்கும் என்பதால், கணக்குப் பக்கத்தில் சாவியையே மாற்றிவிட்டேன். இப்போது கோப்புக்கு வெளியே, இயங்குதளத்தின் சூழல் மாறியில் வைத்திருக்கிறேன்.

சென்னை, நிதித் துறைத் தகவல் பாதுகாப்பு

நான் எழுதப்போவது எனக்கு வருத்தம் தந்த ஒன்று. ‘ஹோஸ்ட்’ என்ற செயற்கூறில் ஒரு முகவரியைக் கொடுத்தால் அந்த இயந்திரத்தைப் பற்றிய அனைத்தும் வரும். கூடவே, அதில் இருக்கக்கூடிய குறைபாடுகளின் சிவிஇ எண்களும் (அறியப்பட்ட பாதுகாப்புக் குறை ஒவ்வொன்றுக்கும் தரப்படும் அடையாள எண்) வரும். எங்கள் வலைச் சர்வர் ஒன்றுக்கு அப்படி 43 எண்கள் வந்தன. அதை அட்டவணையாக்கி, துறைத் தலைவர்கள் கூடிய கூட்டத்தில் வைத்துவிட்டேன். அந்தச் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் சக ஊழியர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எல்லோரும் அவரைக் கேட்டார்கள். அவர் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அன்று மாலை அவர் அமைதியாக என் இடத்துக்கு வந்து விளக்கினார். அந்தச் சர்வரில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது. டெபியன், ரெட் ஹேட் போன்றவை மென்பொருளின் பதிப்பு எண்ணை உயர்த்தாமலே பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பழைய பதிப்பில் சேர்க்கின்றன. பேனரில் தெரிவது அந்தப் பழைய எண். ஷோடான் அந்த எண்ணைப் பார்த்து, இந்தப் பதிப்பில் இன்னின்ன குறைகள் இருந்தன என்று பட்டியலிடுகிறது. நேரில் சோதித்து உறுதிசெய்தவற்றைத் தனியாகக் குறிக்கும் ஓர் அடையாளமும் அந்தத் தரவிலேயே இருக்கிறது. என் 43-இல் ஒன்றுக்குக்கூட அந்த அடையாளம் இல்லை. நான் அதைப் பார்க்கவே இல்லை.

டெபியனின் பாதுகாப்புப் பட்டியலோடு அவரும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். 41 ஏற்கெனவே திருத்தப்பட்டவை. மீதி இரண்டும் நாங்கள் பயன்படுத்தாத பகுதியைச் சேர்ந்தவை. அடுத்த கூட்டத்தில் அதே நபர்கள் முன்னால் எழுந்து நின்று, சென்ற முறை நான் வைத்த அட்டவணை தவறு என்று சொன்னேன். அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிந்திருக்காது. ஷோடான் சொல்வதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு, முதலில் சர்வரைக் கவனிப்பவரிடம் போங்கள். கூட்டத்துக்கு அப்புறம் போகலாம்.

சிங்கப்பூர், கிளவுட் பொறியாளர்

எங்கள் புதிய கிளவுட் முகவரியில் ஜென்கின்ஸ் (மென்பொருளைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் கருவி) திறந்திருப்பதாகப் பதிவு வந்தது. நாங்கள் ஜென்கின்ஸே பயன்படுத்துவதில்லை. அரை நாள் தேடிய பிறகு பதிவின் நேரத்தைப் பார்த்தேன். அந்த முகவரி எங்களுக்குக் கிடைப்பதற்கு நான்கு நாள் முந்தையது. அதற்கு முன் அந்த முகவரியில் குடியிருந்தவருடையது! ஷோடான் நேரத்தை உலகப் பொது நேரமான யூடிசியில் எழுதுகிறது என்பதையும் கவனியுங்கள்.

மதுரை

வீட்டு பிராட்பேண்ட் முகவரியைத் தேடியவர்களுக்கு ஒரு வார்த்தை. என் முகவரியில் வேறு யாருடைய ரவுட்டர் பக்கமோ தெரிந்ததும், யாரோ என் வீட்டு இணைப்புக்குள் நுழைந்துவிட்டார்கள் என்றே நினைத்துத் தூக்கம் போனது. பிறகு ரவுட்டருக்குள் பார்த்தால், அதற்குத் தரப்பட்ட முகவரி 100.64 என்று தொடங்குகிறது. இணையச் சேவை நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும்போது தரும் முகவரி அது. நான் தேடியது என் வீட்டை அல்ல, தெருவையே.

திருச்சி, கல்லூரி ஆசிரியர்

மாணவர்களுக்கு மாங்கோடிபி என்ற தரவுத்தள மென்பொருளின் பாதுகாப்பு பற்றிப் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. பழைய பதிப்புகள் பல, இயல்பாகவே எல்லா முகவரிகளிலும் காது கொடுத்துக்கொண்டிருந்தன, கடவுச்சொல்லும் கட்டாயமில்லை. 2017 ஜனவரியில் தாக்குதல்காரர்கள் அப்படித் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான தரவுத்தளங்களை அழித்துவிட்டு, பணம் கேட்டு ஒரு குறிப்பை மட்டும் விட்டுச்சென்றார்கள். அந்த ஆண்டு வெளியான 3.6 பதிப்பிலிருந்துதான், நாமாக மாற்றாதவரை தன் இயந்திரத்துக்குள் மட்டும் பேசும் வழக்கம் முழுமையாக வந்தது. இன்றைக்கு நிலைமை எப்படி என்று காட்ட, மாங்கோடிபிக்குரிய 27017 போர்ட்டின் எண்ணிக்கையை நாடுவாரியாக எடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மாதிரிக்காக ஒரு பக்கப் பதிவுகளையும் எடுத்துப் பார்த்தேன்.

மாங்கோடிபி திறந்திருந்தால், அதிலுள்ள தரவுத்தளங்களின் பெயரும் அளவும் ஷோடான் பதிவிலேயே வந்துவிடும். ஒரு பதிவில், நம் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் மருத்துவமனைப் பெயர் சர்வரின் பெயரிலேயே இருந்தது. உள்ளே ஒரே ஒரு தரவுத்தளம், மிகச் சிறியது. உங்கள் தரவு வேண்டுமானால் இதைப் படியுங்கள் என்ற பொருளில் அதற்கு ஆங்கிலத்தில் பெயர். அதைப் பார்த்ததும் எனக்கு உள்ளம் நடுங்கியது. அங்கே எத்தனை பேருடைய சிகிச்சை விவரம் இருந்திருக்கும்!

இணைந்து பார்க்கலாமா என்று ஒரு கணம் கை போனது உண்மை. போகவில்லை. உரியவர் அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளின் கீழ் வரும். கதவு திறந்திருந்தது என்பது அனுமதி ஆகாது. சட்டத்தை விடுங்கள், அது நோயாளிகளின் வீடு.

மருத்துவமனையின் தொலைபேசிக்கு அழைத்தேன். எடுத்த பெண்ணிடம் என் பெயர், கல்லூரி எல்லாம் சொல்லி விளக்கினேன். “பணம் ஏதாவது கட்ட வேண்டுமா சார்?” என்று கேட்டார். இல்லை அம்மா, உங்கள் கணினி ஆளிடம் சொல்லுங்கள் என்றேன். கணினி ஆள் சனிக்கிழமைதான் வருவார் என்றார். மறுபடி அழைத்தபோது இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாள்தோறும் மோசடி அழைப்புகள் வரும் காலத்தில் முன்பின் தெரியாத ஒருவன் இப்படிப் பேசினால் யார்தான் நம்புவார்கள்? பிறகு இணையப் பாதுகாப்புக்கான இந்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்: முகவரி, போர்ட், ஷோடான் பதிவின் நேரம், நான் சர்வரைத் தொடவில்லை என்ற வாக்கியம், அவ்வளவுதான். சில வாரம் கழித்து ‘ஹோஸ்ட்’ அழைத்துப் பார்த்தபோது 27017 காணவில்லை. யார் மூடினார்கள், தரவின் நகல் வேறெங்காவது பத்திரமாக இருந்ததா என்பதெல்லாம் எனக்குத் தெரிய வழியில்லை.

அந்தப் பதிவை வகுப்பில் காட்டவில்லை. நாடுவாரி எண்ணிக்கையை மட்டும் காட்டினேன்.

நெல்லை, இறுதியாண்டு மாணவி

ஐயா, என் திட்டப்பணியில் முகவரிகளோடு முழுப் பதிவுகளையும் சேமித்து வைத்திருந்தேன். இதைப் படித்தபின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டேன்.

கோவை, சர்வர் நிர்வாகம்

எல்லோருக்கும் நன்றி. திருச்சி ஐயா எழுதியதை மேலாளரிடமும் படித்துக் காட்டினேன்.

இப்போது என் ஸ்கிரிப்ட் திங்கள்தோறும் காலை ஆறு மணிக்கு ஓடுகிறது. எங்கள் முகவரிகள் ஒவ்வொன்றுக்கும் ‘ஹோஸ்ட்’ அழைப்பு, நடுவில் ஒரு நொடி இடைவெளி, ஏனென்றால் நொடிக்கு ஒரு கோரிக்கைக்குமேல் ஏபிஐ ஏற்காது. பதிவே இல்லாத முகவரிக்குப் பிழை வரும். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுவிடும். மென்பொருளின் பெயர் எல்லாப் பதிவிலும் இருக்காது, ஆகவே இல்லாத புலத்தைக் கேட்டு விழாதபடி எழுதுங்கள். சென்ற வாரப் பட்டியலோடு ஒப்பிட்டு, புதிதாக வந்த போர்ட்டை மட்டும், அதன் நேரத்தோடு எனக்கு அஞ்சல் செய்கிறது.

முதல் ஐந்து வாரம் அஞ்சல் காலியாகவே வந்தது. இந்தத் திங்கட்கிழமை ஒரு வரி இருந்தது: 554, இரண்டு நாள் முந்தைய பதிவு. கேமரா ஒளிபரப்புக்குரிய போர்ட். காவலாளி அறைக்குப் போய்ப் பார்த்தால், சென்ற வாரம் புதிதாக வைத்த கேமரா பதிவுப்பெட்டி, ரவுட்டரின் யூபிஎன்பி (கருவிகள் தாமாகவே போர்ட் திறக்க விடும் வசதி) வழியாகத் தனக்குத் தானே போர்ட்டைத் திறந்துகொண்டிருக்கிறது. ரவுட்டரில் யூபிஎன்பியை அணைத்தேன். பெட்டியின் கடவுச்சொல் வாங்கி வந்தபோது இருந்ததேதான். அதையும் மாற்றி, புதியதைக் காவலாளி அண்ணனிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.