60 வாரம் தாண்டிய லேயர் (முட்டைக்கோழி): ஓடு பலவீனத்துக்கு மினரல் பிரிமிக்ஸைக் கூட்டலாமா?

கூண்டுவரிசை கேட்டது:

வெள்ளை முட்டை ரகம், வயது 62 வாரம். தீவனம் நாளைக்கு 112 கிராம் எடுக்குது, உற்பத்தி 84 சதவீதம். முட்டை எடையில் குறை இல்லை. கீறல் மட்டும் 3 சதவீதத்திலிருந்து 7-க்கு ஏறிடுச்சு. சில முட்டையில் ஓடு சொரசொரப்பு, ஒன்றிரண்டு ஓடில்லாத தோல் முட்டையும் விழுது. தீவனத்தில் கால்சியம் 4.1 சதவீதம், சுண்ணாம்புக்கல் முழுக்க மாவாகத்தான் போகுது. மினரல் பிரிமிக்ஸ் (தாது உப்புகளின் முன்கலவை) டன்னுக்கு 1 கிலோ. அந்த ஒரு கிலோவில் மாங்கனீசு சல்பேட் 150 கிராம், ஜிங்க் ஆக்சைடு 80 கிராம், காப்பர் சல்பேட் 20 கிராம்னு மூட்டையில் போட்டிருக்கு. பிரிமிக்ஸை 2 கிலோ ஆக்கலாமா, இல்லை கீலேட்டுக்கு (கரிமப் பொருளோடு பிணைத்த தாது) மாறணுமா? கால்சியத்தை 5 ஆக்கச் சொல்றவங்களும் இருக்காங்க.

தீவனக்கணக்கு:

மூணையும் இப்போதைக்கு நிறுத்தி வைங்க. 112 கிராமில் 4.1 சதவீதம்னா கோழிக்கு நாளைக்கு 4.6 கிராம் கால்சியம் போகுது. ஒரு ஓட்டில் இருப்பது 2 கிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அளவில் பஞ்சமில்லை, சிக்கல் நேரத்தில். ஓடு பெரும்பாலும் இரவில் உருவாகுது. மாவுச் சுண்ணாம்பு அதற்குள் குடலைக் கடந்துடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் கல் இரைப்பையில் தங்கி மெதுவாகக் கரையும். இந்த வயதில் மொத்தச் சுண்ணாம்பில் 65 சதவீதமாவது கல்லாக இருக்கணும். கல் வாங்கும்போது டோலமைட் கலந்ததைத் தவிர்த்துடுங்க, மெக்னீசியம் ஏறினால் ஓடு இன்னும் கெடும்.

கால்சியத்தை 5-க்கு ஏற்றினால் கோழி தீவனத்தை ஒதுக்கும். சோயாவிலும் தவிட்டிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பாஸ்பரஸ் சேர்மம், மிஞ்சிய கால்சியத்தோடு சேர்ந்து ஜிங்க்கைக் கட்டிப் போட்டுடும். அதாவது எந்த மினரல் போதலைன்னு நினைக்கிறீங்களோ, அதையே நீங்களே குறைக்கிறீங்க.

ஓடும்சவ்வும்:

கால்சியம் பற்றி மேலே சொன்னது சரி. நுண் தாதுவின் வேலை வேறு. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதிக்கு ஜிங்க் வேணும். ஓட்டின் கார்பனேட் அது வழியாகத்தான் கிடைக்குது. ஓட்டின் அடித்தளக் குமிழ்கள் ஒழுங்காக அமைய மாங்கனீசு வேணும். அது குறைந்தால் ஓடு தடிமனாகத் தெரிந்தாலும் தட்டினவுடன் விரியும். உள்சவ்வின் நார்கள் குறுக்கே பிணையக் காப்பர் வேணும். குறைந்தால் சுருங்கின, கோணலான முட்டை.

இனி உங்க மூட்டை. அதில் இருப்பது உப்பின் எடை, தனிமத்தின் எடை இல்லை. பலரும் தடுமாறும் இடம் இதுதான். மாங்கனீசு சல்பேட்டில் சுமார் 32 சதவீதம்தான் மாங்கனீசு: 150 கிராமுக்கு 48 பிபிஎம் (டன் தீவனத்துக்கு 48 கிராம்). ஜிங்க் ஆக்சைடில் 72 சதவீதம்: 58 பிபிஎம். காப்பர் சல்பேட்டில் 25 சதவீதம்: 5 பிபிஎம். வயதான கோழிக்கு நான் வைக்கும் இலக்கு மாங்கனீசு 90, ஜிங்க் 80, காப்பர் 9. அப்போ டன்னுக்குக் கூடுதலாக மாங்கனீசு சல்பேட் 130 கிராம், ஜிங்க் சல்பேட் (35 சதவீதம்) 63 கிராம், காப்பர் சல்பேட் 16 கிராம். குறையைத் தனியாக நிரப்புங்க. பிரிமிக்ஸையே இரட்டிப்பாக்கினால் செலினியமும் இரட்டிப்பாகும். 0.3 பிபிஎம் போதும், அதில் விளையாடக்கூடாது.

கலக்கும் விதம்: மூன்று உப்பையும் முதலில் 10 கிலோ சோள மாவில் கையால் நன்றாகக் கலந்து, பிறகு மிக்ஸரில் கொட்டுங்க. வைட்டமினோடும் கோலின் குளோரைடோடும் ஒரே பையில் வைக்காதீங்க. ஈரம் இழுத்துக் கட்டி பிடிக்கும், வைட்டமினும் வீணாகும்.

கீலேட் நல்லதுதான். முழுசா மாற வேண்டாம், ஜிங்க், மாங்கனீசில் மூன்றில் ஒரு பங்கை அப்படிக் கொடுத்தால் போதும்.

உப்புக்கரைசல்:

மருந்துக்கு முன்னாடி சோதனை. ஐந்து வாளியில் உப்புத் தண்ணீர், அடர்த்தி 1.070, 1.075, 1.080, 1.085, 1.090. ஹைட்ரோமீட்டரில் பார்த்துத்தான் கரைக்கணும். அன்றைக்கு இட்ட 30 முட்டையை, தண்ணீரும் முட்டையும் ஒரே வெப்பநிலைக்கு வந்த பிறகு, குறைந்த வாளியிலிருந்து வரிசையாகப் போடுங்க. எந்த வாளியில் மிதக்குதோ அதுதான் அந்த முட்டையின் எண். பழைய முட்டை வேண்டாம், காற்றறை பெருசாகி ஏமாற்றும். சராசரி 1.080-க்குக் கீழே வந்தால் ஓடு மெலிசு. மேலே இருந்தும் கீறல் விழுந்தால் மாங்கனீசு அல்லது கூண்டுக் கம்பியின் சரிவு, எடுக்கும் தட்டு, இவற்றைப் பாருங்க.

குடிதண்ணீரில் உப்பு எவ்வளவுன்னு பார்த்தீங்களா? உப்பு நீர் ஓட்டைக் கெடுக்கும். வெயிலில் மூச்சிரைத்தாலும் ஓடு மெலியும், ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சிடுது. சுருக்கம் விழுந்த ஓட்டோடு வெள்ளைக்கருவும் தண்ணியா ஓடினால் மினரலை விட்டுடுங்க, ஐபி (இன்ஃபெக்ஷியஸ் பிராங்கைட்டிஸ்) என்ற வைரஸ் நோய்க்குப் பரிசோதனை எடுங்க.

கூண்டுவரிசை:

நன்றி. முதலில் கல், பிறகு மாங்கனீசு? இல்லை ரெண்டும் ஒண்ணா?

தீவனக்கணக்கு:

தனித்தனியா. கல்லை மட்டும் மாற்றி இரண்டு வாரம், அப்புறம் உப்புகளைச் சேர்த்து நாலு வாரம். எப்பவும் அதே வரிசைகளின் முட்டையை, அதே நேரத்தில் எண்ணுங்க.