பூங்காவில் மாலை மாற்றிக்கொள்ள: டெல்டா பக்கத்து அனுபவக் குறிப்புகள்

தஞ்சாவூர், புகைப்படத் தொழில்

பத்துப் பேருக்குள் முடிகிற கல்யாணத்துக்குப் பூங்கா தேடுகிறவர்கள் முதலில் மரத்தையும் புல்லையும்தான் பார்ப்பார்கள். அந்த இடம் யார் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சிவகங்கைப் பூங்கா மாநகராட்சியுடையது. முக்கொம்பு, கல்லணை நீர்வளத் துறை. ஸ்ரீரங்கம் மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வனத்துறை. மனுவில் 'திருமணம்' என்று மட்டும் எழுதினால் பந்தல், மைக்செட், பந்தி என்று நினைத்து மறுத்துவிடுவார்கள். "எட்டுப் பேர், நாற்பது நிமிடம், பந்தல், ஒலிபெருக்கி, அடுப்பு, ஹோமம் கிடையாது" என்று விவரமாக எழுதுங்கள். சீல் போட்ட நகல் கையில் இருக்கட்டும். "ஆபீஸ்ல சொல்லிட்டாங்க" என்றால் வாசல் காவலாளி விடமாட்டார்.

பெரிய கோயிலுக்குள் ஸ்டாண்டு வைத்துப் படமெடுக்கத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும். சிவகங்கைப் பூங்காவும் கோயிலும் ஒரே சின்னக் கோட்டை மதிலுக்குள் இருப்பதால், கோயில் விமானம் பின்னணியில் வேண்டுமென்றால் பூங்காவே போதும். ஆனால் கோயில் தெற்கே. மார்கழி, தையில் சூரியனும் தெற்கே சாய்ந்துவிடும். ஒன்பது மணிக்கு மேல் எதிர்வெளிச்சத்தில் விமானம் வெறும் கறுப்பாகத்தான் விழும். நடைப்பயிற்சிக் கூட்டம் கலைந்ததும், ஏறக்குறைய ஏழரைக்கே, தொடங்கிவிடுங்கள். அந்த மாதங்களில் புல்லில் பனி இருக்கும். கோரைப்பாய் விரிக்காவிட்டால் பட்டுக் கரை நனைந்து மண் ஒட்டும்.

கும்பகோணம், வழக்கறிஞர் அலுவலகம்

தோழர் இடத்தைச் சொல்லிவிட்டார், நான் காகிதத்தைச் சொல்கிறேன். இருவரும் இந்துக்கள் என்றால் இந்து திருமணச் சட்டத்தில் 1967-ல் தமிழ்நாடு கொண்டுவந்த 7ஏ பிரிவு போதும். உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாக உறுதி சொல்வது, மாலை அல்லது மோதிரம் மாற்றுவது, தாலி கட்டுவது. இதில் ஏதாவது ஒன்று நடந்தால் திருமணம் செல்லும். ஊரறிய அறிவிக்க வேண்டியதில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மதம் வேறு என்றால் சிறப்புத் திருமணச் சட்டம், 1954. நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். பூங்காவில் மாலை மாற்றினால் அது வெறும் மாலைதான். அதிகாரி முன் மூன்று சாட்சிகளோடு உறுதிமொழி சொன்ன பிறகே சட்டப்படி கல்யாணம். கூடுதல் கட்டணம் கட்டி அலுவலகத்துக்கு வெளியே நடத்தவும் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் அதை நம்பித் தேதி குறிக்காதீர்கள்.

பூங்காக் கல்யாணம் சறுக்குவது பதிவில்தான். மண்டப ரசீதும் இருக்காது, கோயில் ரசீதும் இருக்காது. இடம், நேரம், சாட்சிகளின் பெயர், முகவரி எழுதி அங்கேயே கையெழுத்து வாங்குங்கள். பூங்கா அனுமதி நகலையும் அதோடு வையுங்கள். 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள்.

ஒன்று அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் தேடுகிறார்கள், மிரட்டல் இருக்கிறது என்றால் பூங்கா வேண்டவே வேண்டாம். நாலு பக்கமும் திறந்த இடம், யாரும் நுழையலாம். முதலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம். சாதி மறுப்புத் தம்பதிகளுக்குத் தனிப் பிரிவு அமைக்க 2018-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

பூக்காரத் தெரு, மாலை கட்டுபவர்

அண்ணே, எல்லாரும் மண்டபத்துக்குக் கட்டுகிற முழங்கால் நீள மாலையையே கேட்கிறார்கள். திறந்த வெளிக்கு இடுப்பளவு போதும். வெறும் சம்பங்கி வெயில் பட்டால் ஓரம் பழுத்துவிடும். ரோஜா கலந்து நெருக்கமாகக் கட்டச் சொல்லுங்கள். வாழையிலையில் சுற்றி, ஈரத்துணி போர்த்திக் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் புழுங்கிவிடும். முகூர்த்த நாளை விட்டால் விலையும் பாதி குறையலாம். பத்துப் பேருக்கு அட்சதை நூறு கிராம் தாராளம். சரிகைத் தாள் வெடி வேண்டாம். புல்லிலிருந்து அதைப் பொறுக்கி மாளாது, காவலாளி அதற்குத்தான் சண்டைக்கு வருவார்.

திருச்சி, வீடியோ எடுப்பவர்

முக்கொம்பு அழகுதான். ஆடிப்பெருக்கு, காணும் பொங்கல் பக்கம் மட்டும் போகாதீர்கள். ஆடிக் காற்றில் குத்துவிளக்கு நிற்காது, கண்ணாடிக் கூண்டு விளக்கு எடுத்துப்போங்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை திறந்திருக்கும். அந்த மாதங்களில் மதகு திறந்திருந்தால், பத்தடி தள்ளி வைத்த செல்போனில் உறுதிமொழி ஒரு சொல்கூட ஏறாது, தண்ணீர் இரைச்சல்தான் கேட்கும். பேசுகிறவர் சட்டையில் காலர் மைக் குத்திவிடுங்கள், அதற்குப் பஞ்சு உறையும் போடுங்கள். மதகை விட்டுத் தள்ளி, பூங்காவின் உள்பக்கம் மரத்தடியில் நின்றால் பாதி இரைச்சல் அடங்கிவிடும்.