தாமிரம் எடுக்க பாக்டீரியா போதுமா, உருக்காலைதான் வேண்டுமா?

தாதுப்பித்தன்:
சல்ஃபைடு தாது, அதாவது தாமிரம் கந்தகத்தோடு சேர்ந்திருக்கும் தாது என்றாலே உருக்கித்தான் ஆக வேண்டும் என்று இன்னமும் சொல்கிறார்கள். சிலியில் கெப்ராடா பிளாங்கா சுரங்கம் 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றே மெலிந்த அந்த மலையில் 1994 முதல் தாதுவைக் குவித்து, அமிலம் தெளித்து, அடியிலிருந்து காற்றை ஊதி, பாக்டீரியாவைக் கொண்டே தாமிரம் எடுத்தார்கள். கந்தகப் புகையே கிடையாது. பிறகு எதற்கு உலை?

கந்தகி:
என்ன தாதுவைக் குவித்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். சால்கோசைட், தாமிரமும் கந்தகமும் மட்டும் சேர்ந்த தாது. அது சுலபமாகக் கரையும். கீழே இருந்த, இரும்பும் சேர்ந்த சால்கோபைரைட்டைத் தோண்ட வந்தபோது என்ன செய்தார்கள்? 2023இல் அதே இடத்தில் அரைத்த தாதுவை நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் நுரை மிதப்பு ஆலை ஓடத் தொடங்கியது. கடல்நீரின் உப்பை நீக்கி மலைமேல் ஏற்றுகிறார்கள், அடர்ப்பித்த தாது கப்பலேறி உருக்காலைக்குப் போகிறது. உலகின் தாமிரத்தில் பெரும்பங்கு சால்கோபைரைட்டில்தான் இருக்கிறது.

படிக்கும் காலத்தில் இரண்டையும் இரண்டு கண்ணாடிக் குழாய்களில் நிரப்பி அமிலம் சொட்டவிட்டேன். சால்கோசைட்டிலிருந்து வடிந்த நீலப்பச்சை நீரில் ஆணியைப் போட்டால் சற்று நேரத்தில் செம்பு ஏறிவிடும். மற்றதில் சில வாரம் கொஞ்சம் வந்தது, அப்புறம் நின்றேபோனது. ஒரு துகளை எடுத்து ஊசியால் சுரண்டினேன். மங்கிய தோலுக்கு அடியில் பித்தளை நிறம் அப்படியே மின்னியது.

தாதுப்பித்தன்:
அந்தத் தோலுக்கு பாக்டீரியாவைக் குறை சொல்ல முடியாது. தாதுவைக் கரைப்பது கரைசலில் உள்ள ஃபெரிக் இரும்பு. கரைக்கும்போது அது ஃபெரஸ் என்ற செயலிழந்த வடிவமாக மாறியதும் பாக்டீரியா திரும்ப ஃபெரிக் ஆக்கித் தருகிறது. சூட்டில் வாழும் நுண்ணுயிர்களை வைத்து, 80 டிகிரிக்குப் பக்கத்தில் சால்கோபைரைட்டையும் கரைக்கலாம். சிலியின் சுக்கிகமாட்டா சுரங்கத்தில் தொட்டி வைத்துச் செய்தே காட்டினார்கள்.

உப்பளத்தான்:
தொட்டியில் சரி. திறந்தவெளிக் குவியலை 80 டிகிரியில் எப்படி வைத்திருப்பீர்கள்? அந்தத் தொட்டிக்கும் தாதுவை அரைத்து அடர்ப்பித்துத்தானே போட வேண்டும்? உப்பைப் பாருங்கள். அதிலுள்ள குளோரைடைச் சேர்த்தால், தாதுவின் மேல் தோலாகப் படியும் கந்தகம் நுண்துளைகளோடு உருவாகிறது, கரைசல் உள்ளே போக வழி கிடைக்கிறது. சிலியில் மிச்சிலா சுரங்கம் குளோரைடை வைத்துத்தான் ஓடியது. ஆனால் அவ்வளவு உப்பில் உங்கள் பாக்டீரியா தாங்காது, இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கந்தகி:
உப்பு வழியில் எனக்கும் நம்பிக்கை உண்டு. தாதுப்பித்தன், அரைக்கும் செலவுக்கே கட்டாத தாழ்தரப் பாறை மலைமலையாகக் கிடக்கிறதே, அங்கே பாக்டீரியாவை விடுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். நல்ல சால்கோபைரைட்டை மட்டும் குவியலில் போட்டு வருடக்கணக்கில் காத்திருக்கச் சொல்லாதீர்கள்.